வேட்டையும் களவும்: மலையகத் தோட்ட வரலாற்றில் எழுதப்படாத ஒரு பக்கம்

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுத முற்பட்டோர் குடிபெயர்வு, கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகிய நான்கினையும் பெரிதும் ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சிகளின் இன்றியமையாமையை எவரும் மறுக்கவியலாது. எனினும், ஒரு மக்கட் கூட்டத்தினருக்கும் அவர்கள் வாழும் மண்ணுக்கும் இடையிலான உறவினை ஊதியப் பட்டியல்களும் ஒப்பந்தங்களும் மட்டுமே காட்டிவிடா. காட்டில் எவர் நுழையலாம், அங்குள்ள விலங்கினை எவர் கொல்லலாம், கொன்றதனை எவர் உண்ணலாம் என்னும் வினாக்களும் உரிமை பற்றிய வினாக்களே. நுவரெலியா, ஹற்றன் பகுதிகளின் வேட்டை வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

குறிஞ்சியின் மரபு

தமிழிலக்கியம் மலையையும் மலை சார்ந்த நிலத்தையும் குறிஞ்சி எனப் பகுத்தது. வேட்டை அந்நில மக்களின் தொழிலாகவும், தலைவரின் ஆண்மையாகவும், விருந்தோம்பலின் தொடக்கமாகவும் அங்கு அமைந்தது. வல்வில் ஓரியின் ஓரம்பு யானை முதலாகப் பல விலங்குகளை வீழ்த்திய செய்தியைப் பாடியவர் வன்பரணர். அப்புலவரே கண்டீரக்கோப் பெருநள்ளியையும் பாடியுள்ளார். காட்டில் பசித்துக் களைத்திருந்த புலவரையும் அவர் சுற்றத்தினரையும் கண்ட நள்ளி, தன்னுடன் வந்தோர் வந்து சேருமுன்னரே தானே தீமூட்டி இறைச்சியைச் சுட்டுக் கொடுத்தான் என்பது அப்புறநானூற்றுப் பாடலின் பொருள். முதற்பாடல் குறிதவறாத வில்லைப் போற்றுகிறது. இரண்டாவது பகிர்ந்து கொடுத்த கையைப் போற்றுகிறது. வேட்டையின் இவ்விரு முகங்களும் பிற்கால மலையகத்தில் இருவேறு மனிதரிடம் பிரிந்து சென்றமையைப் பின்னர்க் காண்போம்.

இலங்கையின் மலைநாட்டுக்குக் கூலிகளாக அழைத்துவரப்பட்டோர் குறிஞ்சி நிலத்தவரல்லர். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, சேலம் முதலிய வறண்ட சமவெளிகளிலிருந்தே அவர்களிற் பெரும்பாலோர் வந்தனர். ஆயினும் வேட்டை அவர்களுக்குப் புதியதன்று. ஊர் ஆடவர் ஒன்றுகூடி நாய்களுடன் சென்று முயல் முதலியவற்றை வேட்டையாடி வந்து பங்கிடும் பாரிவேட்டை அச்சீமைகளில் விழாவோடு இணைந்த வழக்கமாக இருந்தது. வந்தவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் மதுரை வீரனையும் தம்மோடு கொண்டுவந்ததைப் போன்றே, இவ்வழக்கத்தின் நினைவையும் கொண்டுவந்தனர் எனலாம்.

துப்பாக்கியும் வேட்டைநாயும்

ஆங்கிலேயர் மலைநாட்டைக் கைப்பற்றிய காலத்தில் அது அடர்ந்த காடாகவும் இடையிடையே புல்வெளியாகவும் இருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிறுவப்படாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. அந்நிலங்கள் கோப்பிப் பயிர்ச்செய்கையாளருக்கு மலிவாக விற்கப்பட்டன. காடு அழிந்த வேகத்திலேயே விலங்கும் அழிந்தது. யானை தோட்டத்துக்குப் பகையெனக் கருதப்பட்டதால், அதனைக் கொல்வது பயிரைக் காக்கும் பணியாகவும் பொழுதுபோக்காகவும் ஒருங்கே அமைந்தது.

அக்காலத்து வேட்டைக்காரருள் இருவரின் பெயர்கள் இன்றும் நினைக்கப்படுகின்றன. ஒருவர் பதுளையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ். அவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கூறப்படுகிறது. அவர் 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். அவரது கல்லறை நுவரெலியாவில் உள்ளது. மற்றையவர் பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர். இவர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவிற் குடியேறியிருந்து, ஆங்கில நாட்டுப்புறமொன்றை ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உருவாக்க முனைந்தார். ஆட்களையும் கால்நடைகளையும் வேட்டைநாய்களையும் கப்பலில் வரவழைத்தார். ஆங்கிலேயர் 'எல்க்' எனப் பிழையாக அழைத்த மரையை நாய்க்கூட்டத்தால் விரட்டி, அது நீரோடையில் திரும்பி நின்று எதிர்க்கும் வேளையிற் கத்தியாற் குத்திக் கொல்வது அவர் விரும்பிய வேட்டை முறை.

பேக்கர் 1850களில் வெளியிட்ட வேட்டை நூலைப் படிக்கும் மாணவர் ஒன்றனைக் கவனியாதிருக்க முடியாது. அவருடைய நாய்கள் அங்கே பெயரோடு வாழ்கின்றன. ஸ்மட், கில்பக், பிரான் என அவை ஒவ்வொன்றுக்கும் குணநலம் உண்டு, வீரம் உண்டு, மறைந்தபின் இரங்கலும் உண்டு. சுமை தூக்கியும் வழிவெட்டியும் கூடாரமடித்தும் உடன்சென்ற கூலிகளோ பெரும்பாலும் 'கூலிகள்' என்னும் பன்மைச் சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றனர். வரலாற்று மூலங்களின் மௌனமும் ஒரு சான்று என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

கோப்பிச் செடியை 1869 முதல் இலைநோய் தாக்கியது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவிற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை பின்னர் மலைகளை நிறைத்தது. பயிர் மாறியதே தவிர வேட்டை மாறவில்லை. 1876இல் நுவரெலியாவில் நிறுவப்பட்ட ஹில் கிளப் துரைமாரின் ஒன்றுகூடலிடமாயிற்று. ஹோட்டன் சமவெளியில் தோட்டத்துரை தோமஸ் பார் அமைத்த வேட்டை விடுதி 'பார் இன்' என்ற பெயரில் நிலைத்தது. 1907இல் ஹரி ஸ்டோரி வெளியிட்ட இலங்கை வேட்டை நூல் இக்காலத்து மனப்போக்கினை அறிய உதவுவதாகும். துரையும் அவர் நண்பரும் உறவினரும் விடுமுறை நாளில் ஒன்றுகூடுவதும், நாய்கள் முன்செல்ல மலையேறுவதும், மாலையில் தீயருகே அமர்ந்து அன்றைய கதையைச் சொல்வதும் அவர்களது சமூக வாழ்வின் நடுநாயகமாக விளங்கின. இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. வேட்டை எங்கும் கூட்டுறவின் விழாவே. வியப்பதற்குரியது, அதே மலையில் அதே மகிழ்ச்சி மற்றொருவருக்குக் குற்றமாக்கப்பட்டமையே.

சட்டத்தின் இரு முகங்கள்

விலங்குகள் அருகிவிட்டன என்பதனை முதலில் உணர்ந்தவர்களுள் வேட்டைக்காரரும் அடங்குவர். 1894இல் இலங்கை வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. தோட்டத்துரைமாரும் வேட்டைப் பிரியர்களுமே அதன் தொடக்கத்திற்கு உழைத்தனர். இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதன் வழிவந்ததே. இதற்கு முன்னரே, தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையைத் தொடர்ந்து, 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிப்பது தடுக்கப்பட்டிருந்தது. பின்னர் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறி 1938 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் அமைந்தது. ஹோட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இந்நடவடிக்கைகள் இல்லாதிருந்தால் இன்று அச்சமவெளியில் மரைகள் அச்சமின்றி மேய்வதைக் காண முடியாது. ஆதலின், இச்சட்டங்களை ஆதிக்கத்தின் கருவிகள் என்று மட்டுமே கூறி ஒதுக்குவது நேர்மையாகாது.

ஆனால் சட்டம் எவர் தோளில் எவ்வாறு இறங்குகிறது என்பது வேறொரு வினா. இதற்கு ஆங்கில நாட்டின் வரலாறே ஒப்புமை தருகிறது. 1066இன் பின்னர் நோர்மானிய மன்னர் மானுக்கெனக் காடுகளை ஒதுக்கிக் குடியானவரை விலக்கினர். 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம், முகத்திற் கரிபூசி மான் திருடுவோருக்கு மரணதண்டனை விதித்தது. ஈ. பி. தொம்சன் 1975இல் வெளியிட்ட ஆய்வு, அச்சட்டம் மானை மட்டுமன்றிக் காட்டின்மீது மேலோர் கொண்ட உடைமையையும் காத்ததென விளக்குகிறது. மலைநாட்டுக்கு வந்த துரைமார் அத்தகைய மரபில் வளர்ந்தவர்கள்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அனுபவம் சற்று வேறுபட்டது. அங்கு வெண்வால் மானும் காட்டு வான்கோழியும் அளவற்ற வேட்டையினாலும் காடழிப்பினாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பெரிதும் குன்றின. நம் நாட்டிற் கட்டளைச் சட்டம் நிறைவேறிய அதே 1937இல், துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் வரிப்பணத்தை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் சட்டம் அங்கு நிறைவேறியது. பருவமும் உரிமமும் வகுக்கப்பட்டன. விலங்குகள் மீண்டும் பெருகின. இன்று ஓர் ஆலைத் தொழிலாளியும் இலையுதிர்காலத்தில் தன் தந்தையோடும் நண்பரோடும் மான் வேட்டைக்குச் செல்கிறான். அவன் உரிமம் பெறுகிறான். காப்பதற்கும் பணம் செலுத்துகிறான். அந்நாட்டிலும் பூர்வ குடிகள் தம் வேட்டைக் காடுகளை இழந்த கதை உண்டு. எனினும் பொதுக் குடிமகனுக்குச் சட்டத்தினுள் ஓர் இடம் அங்கு அளிக்கப்பட்டது. இங்கோ, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவரான தோட்டத் தொழிலாளிக்குச் சட்டத்தினுள் எவ்விடமும் இருக்கவில்லை. குடியிருக்கும் லயக்காம்பறாவே தனதல்லாத ஒருவன், அதற்கு மேலுள்ள காட்டின்மீது உரிமை பேசுவதெங்ஙனம்?

லயத்து வேட்டை

தோட்டத் தொழிலாளரின் வேட்டையைப் பற்றி நூல் எழுதியோர் இலர். ஆகவே, இப்பகுதிக்கு வாய்மொழியே ஆதாரம். ஹற்றனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் வளர்ந்த நான், என் பாட்டனாரிடமும் அவர் தோழர்களிடமும் கேட்டறிந்தவற்றை இங்குத் தருகின்றேன்.

வேட்டை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். மைத்துனர், சம்பந்தி, அடுத்த லயத்து நண்பர் என ஏழெட்டுப் பேர் விடியுமுன் புறப்படுவர். துப்பாக்கி எவரிடமும் இராது. கவ்வாத்துக் கத்தி, கூர்தீட்டிய கம்பு, சாக்கு, நான்கைந்து நாட்டு நாய்கள் ஆகியவையே அவர்களின் படைக்கலம். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதற்கெனத் தோட்டம் கொடுத்த கத்தி ஞாயிறன்று பன்றிக்கு எதிராக உயர்வதை நினைக்கையில் வரலாற்றின் முரண் புலனாகும். காட்டுப்பன்றி கிடைத்தால் அது திருநாள். முள்ளம்பன்றியாயின் வளைவாயிலிற் புகைமூட்டிப் பிடிப்பர். முயலும் காட்டுக்கோழியும் கிடைப்பதும் உண்டு. பல நாள்களில் அட்டைக்கடியன்றி வேறொன்றும் கிடைப்பதில்லை என்று பாட்டனார் சிரித்துக்கொண்டே கூறுவார்.

பங்கீட்டின் முறை நுட்பமானது. சென்றவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. நாய்களுக்கு ஒரு பங்கு. காயம்பட்டவனுக்கு அரைப்பங்கு கூடுதல். லயத்திற் பிள்ளை பெற்றிருப்பவளுக்கும் விதவைக்கும் எவரும் கேளாமலே ஒரு கிண்ணம் போகும். பெண்கள் வேட்டைக்குச் செல்வதில்லை. எனினும் பங்கு லயத்தை அடைந்த பின்னர் எல்லாம் பெண்களின் ஆட்சியே. எவர் வீட்டுக்கு எவ்வளவு என்பதைப் பாட்டியே தீர்மானிப்பார். எஞ்சியதை உப்பும் மஞ்சளும் தடவி அடுப்பின்மேற் கட்டித் தொங்கவிடுவார். நள்ளியின் கொடையைப் பல்கலைக்கழகத்திற் படித்தபோது என் நினைவுக்கு வந்தது அந்த அடுப்புப் புகையே.

1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கொடுமையாகத் தாக்கியது. மாவும் அரிசியும் அரிதாகிப் பலர் பட்டினியால் மாண்டனர். அக்காலத்தில் வேட்டை பொழுதுபோக்காக இருக்கவில்லை. ஒரு முள்ளம்பன்றி பத்துக் குடும்பங்களின் குழம்புச் சட்டியில் மணந்தது என்று பாட்டி கூறியதுண்டு. பிடிபட்டால் வேலை போகும். பத்துச்சீட்டு கையில் வரும். வேலையோடு வீடும் போய்விடும். அவ்வச்சத்தோடுதான் மலையேறினர். ஒருநாள், இது தவறல்லவா என்று நான் பாட்டனாரிடம் கேட்டேன். "தொரை சுட்டா வேட்டை, நாம புடிச்சா களவு. பன்னிக்கு ரெண்டும் ஒண்ணுதான் புள்ள" என்றார். இவ்வாக்கின் முற்பகுதியை நான் பல ஆண்டுகள் பெருமையோடு எடுத்துக்கூறி வந்தேன். பிற்பகுதியின் பொருள் பிந்தியே புரிந்தது.

சுருக்குக் கம்பி

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைமாரின் நாய்க்கூட்டங்கள் மறைந்தன. ஞாயிற்றுக்கிழமை வேட்டையும் குறைந்தது. அவ்விடத்தை இன்று நிரப்பியிருப்பது சுருக்குக் கம்பி. வருமானம் போதாமையால் லயத்தையொட்டிய சிறு நிலத்தில் மரக்கறி பயிரிடுவோர், ஒரே இரவில் அதனைக் கிளறி அழிக்கும் பன்றிக்கெனக் கம்பியை வளைத்துக் கட்டுகின்றனர். இறைச்சியை விற்பதற்கெனக் கட்டுவோரும் உளர்.

கம்பிக்குக் கண்ணில்லை. பன்றியின் பாதையிலேயே கேளையாடும் வருகிறது. அதனைத் தேடிச் சிறுத்தையும் வருகிறது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணியை அடுத்த லக்ஷபான தோட்டப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று சுருக்கில் அகப்பட்டது. உயிரோடு மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அது, சில நாள்களில் இறந்தது. அது தனிநிகழ்வன்று. மலையகத்திற் சிறுத்தைகள் மனிதராற் கொல்லப்படும் வழிகளுள் சுருக்கே முதன்மையானதாக இருந்து வந்துள்ளது. இலங்கைக்கே உரிய இச்சிறுத்தையினம் இந்நாட்டுக் காடுகளின் தலைமை வேட்டை விலங்கு. அது தேயிலைக்கும் காட்டுத் துண்டுகளுக்கும் இடையே, மனிதரோடு மிக நெருங்கி வாழ்கிறது.

இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். எம்மவர் 'புலி' என அழைக்கும் அவ்விலங்கு, கொழுந்து பறிக்கும் பெண்களைத் தாக்கிக் காயப்படுத்திய நிகழ்ச்சிகள் ஹற்றன் பகுதியிற் பலமுறை நேர்ந்துள்ளன. என் தாயாரும் கொழுந்து பறிப்பவரே. தேயிலைக் கானுக்குள் என்ன படுத்திருக்கிறது என்பதை அறியாமல் நாள்தோறும் மலைக்குச் செல்பவரிடம், காப்போம் என்னும் சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு அகல்வது அறமாகாது. பயிர் அழிவுக்கு இழப்பீடு, பெண்களுக்குப் பாதுகாப்பு, தோட்டங்களிடையே காட்டுத் துண்டுகளை நிலைநிறுத்தல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

எனினும் எம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளுதல் கூடாது. பாட்டனாரின் வேட்டைக்கும் இன்றைய சுருக்குக்கும் உள்ள வேறுபாடு கருவியில் மட்டும் அடங்குவதன்று. அவர்கள் விலங்கின் எதிரே நின்றனர், எதனைக் கொல்கிறோம் என்பதை அறிந்திருந்தனர், கொன்றதனைப் பகிர்ந்தனர். சுருக்குக் கட்டியவனோ வீட்டில் உறங்குகிறான். அகப்பட்டது எது என்பதை அவன் விடிந்தபின்னரே அறிகிறான். பலவேளைகளில் அறிந்தும் அஞ்சி விலகிச் செல்கிறான். அங்கே தோழமையில்லை, பங்கீடில்லை. துரைக்கு இழைக்கப்படாத தண்டனை எமக்கு இழைக்கப்பட்டது என்னும் வரலாற்று நியாயம், கம்பியில் மூன்று நாள் துடிக்கும் உயிருக்கு விடையாகாது. பாட்டனார் வாக்கின் பிற்பகுதி உணர்த்துவது இதனையே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, மலைநாட்டின் விலங்குச் செல்வத்தை முதலில் அழித்தவை தோட்டத்திற்கான காடழிப்பும் ஆள்வோரின் வேட்டையுமே. தொழிலாளியின் கவ்வாத்துக் கத்தியன்று. இரண்டாவது, பாதுகாப்புச் சட்டங்கள் நன்மை விளைத்தன. ஆயினும் அவை எழுதப்பட்ட மன்றங்களில் மலையகத் தொழிலாளிக்கு இருக்கை இருக்கவில்லை. மூன்றாவது, 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு குடியுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்ட இன்று, இந்நாட்டின் காடும் அதில் வாழும் உயிரும் எமக்கும் உரியவை. உரிமையுள்ள இடத்திற் பொறுப்பும் உண்டு.

பாட்டனார் மறைந்து நான்கு ஆண்டுகளாகின்றன. அவருடன் மலையேறிய தோழருள் இருவரே எஞ்சியுள்ளனர். எந்தப் பள்ளத்தில் மரை நீரருந்தும், எந்தப் பாறையிடுக்கில் முள்ளம்பன்றி வளை தோண்டும், சிறுத்தை எவ்வழியே மலை கடக்கும் என்பதை அவர்கள் அறிவர். காட்டைக் காக்க விழைவோர்க்கு அவ்வறிவு இன்றியமையாதது. களவெனப் பெயரிடப்பட்டமையால் அது இதுகாறும் ஏட்டில் ஏறவில்லை. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்துள்ள எம்போன்ற மாணவர், இவ்விடுமுறையில் வீடு செல்லும்போது அம்முதியோரின் அருகே அமர்ந்து கேட்டு எழுதுவாராயின், அது வரலாற்றுத் துறைக்கு ஆற்றும் தொண்டாகும். காட்டுக்கு ஆற்றும் தொண்டுமாகும்.